முடி இறங்கிய பின் எஞ்சும் அதிகாரம்

நாடாளுமன்ற ஆட்சிமுறையைக் கொண்ட நாடுகளில் ஆட்சியை நடத்துபவர் ஒருவராகவும், அந்த ஆட்சி எவருடைய பெயரால் நடக்கிறதோ அவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கம். முன்னவர் மக்களவையில் பெரும்பான்மை பெற்ற பிரதமர். பின்னவர் நாட்டின் தலைவர். சட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தல், அமைச்சர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தல், அயல்நாட்டுத் தூதர்களை ஏற்றல் போன்றவை பின்னவரின் கடமைகள் என்றாலும், ஏறத்தாழ அவை அனைத்தையும் அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செய்கிறார். பிரிட்டன், நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளில் இந்த இடம் பரம்பரை வழியில் வரும் அரச குடும்பத்துக்கு உரியது. இந்தியா, அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளில் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசுத் தலைவருக்கு உரியது. ஆட்சி அதிகாரம் பிரதமரிடமே இருப்பதால் இத்தகைய குடியரசுத் தலைவரைப் பெயரளவுத் தலைவர் என்று சொல்வதுண்டு. அமெரிக்கா, பிரான்ஸ் போன்ற நாடுகளின் செயலதிகாரமுள்ள தலைவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்திக் காட்டுவதே அந்தப் பெயரின் நோக்கம்.

இந்த இரண்டு ஏற்பாடுகளுள் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு நாடு மாற விரும்பினால், அரசர் என்று சட்டத்தில் இருக்கும் இடமெல்லாம் குடியரசுத் தலைவர் என்று திருத்தி எழுதினால் வேலை முடிந்துவிடும் என்றே முதலில் தோன்றும். பார்படாஸ் ஏறத்தாழ அவ்வாறுதான் செய்தது. அங்கே 2021 நவம்பர் 30 அன்று எலிசபெத் அரசியின் இடத்தில் சான்ட்ரா மேசன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அதற்கு முந்தைய நாள் வரை அவர் அதே அரசியின் பதிலாளாக, அதாவது தலைமை ஆளுநராக, இருந்தவர். நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கே அரசமைப்பைத் திருத்தப் போதுமானதாக இருந்ததாலும், 2018 தேர்தலில் பிரதமர் மியா மோட்லியின் கட்சி கீழவையின் 30 இடங்களையும் வென்றிருந்ததாலும், மக்களிடம் தனியே வாக்குக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. மொரீஷியஸ் 1992இல் சென்ற வழியும் இதுவே. அங்கும் கடைசித் தலைமை ஆளுநரான வீரசாமி ரிங்காடுவே முதல் குடியரசுத் தலைவரானார். ஆயினும் இதே கேள்வியை 1999இல் மக்கள் முன் வைத்த ஆஸ்திரேலியாவில் அது தோற்றது. அந்தத் தோல்வியின் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், முடியாட்சியை நீக்குவதில் அடங்கியிருக்கும் உண்மையான சிக்கல் எது என்பது தெளிவாகும்.

இன்று மூன்றாம் சார்லஸ் பிரிட்டனுக்கு மட்டுமன்றி ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜமைக்கா, பாப்புவா நியூ கினி உள்ளிட்ட வேறு 14 நாடுகளுக்கும் அரசராக இருக்கிறார். அந்த நாடுகளில் அவர் வசிப்பதில்லை. பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பிரதமரின் பரிந்துரைப்படி அவர் நியமிக்கும் தலைமை ஆளுநரே அவருடைய பணிகளைச் செய்கிறார். 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, ஆட்சி அதிகாரம் அரசியிடம் உள்ளது என்றும் தலைமை ஆளுநர் அதைச் செலுத்தலாம் என்றும் கூறுகிறது. 64ஆம் பிரிவோ, தலைமை ஆளுநர் விரும்பும் காலம் வரையிலேயே அமைச்சர்கள் பதவியில் இருக்க முடியும் என்கிறது. பிரதமர் என்ற பதவியைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. சட்டத்தை மட்டும் படித்து ஆஸ்திரேலியாவை அறிய முயலும் ஒருவர், அதைத் தலைமை ஆளுநரின் தனியாட்சி நடக்கும் நாடாகவே கருதிவிடுவார். நடைமுறையில் அவ்வாறு ஆகாமல் தடுப்பவை மரபுகள், அதாவது எங்கும் சட்டமாக எழுதப்படாமல் எல்லோரும் ஏற்று நடக்கும் நெறிகள் மட்டுமே. பெரும்பான்மை பெற்றவரையே பிரதமராக அழைக்க வேண்டும், அவருடைய அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்பவை அத்தகைய மரபுகளாகும்.

மரபுகள் கைகொடுக்காத நெருக்கடிகளும் உண்டு. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது யாரை முதலில் அழைப்பது, அவையின் நம்பிக்கையை இழந்த பிரதமர் பதவி விலக மறுத்தால் என்ன செய்வது, தேர்தல் நடந்து சில வாரங்களே ஆன நிலையில் அவையை மீண்டும் கலைக்கச் சொன்னால் மறுக்கலாமா என்ற கேள்விகளுக்கு நாட்டின் தலைவர் தம் சொந்தத் தீர்ப்பின்படியே விடை காண வேண்டியிருக்கிறது. இவ்வாறு அறிவுரை இன்றியோ அறிவுரைக்கு மாறாகவோ செலுத்தப்படக்கூடிய அதிகாரங்களை விருப்புரிமை அதிகாரங்கள் என்பர். அரசர் இவற்றைப் பயன்படுத்துவது மிக அரிது. தம்மை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அவர் அறிந்திருப்பதே அதற்குக் காரணம். மக்களின் ஆதரவு பெற்ற பிரதமரோடு மோதினால் தம் குடும்பத்தின் இடமே ஆட்டம் காணும் என்ற அச்சம், எந்தச் சட்டத்தாலும் விதிக்க முடியாத கட்டுப்பாட்டை அரசர் மீது விதிக்கிறது. முடியாட்சியின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வாதங்களுள் வலிமையானது இதுதான். அரசருக்கு உள்ள அதிகாரத்தைக் காட்டிலும் அந்த அதிகாரம் வேறொருவர் கைக்குப் போகாமல் இருப்பதே முக்கியம் என்று அவர்கள் கூறுவதில் பொருள் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுப்பாடு அரசரின் பதிலாளுக்குப் பொருந்துவதில்லை என்பதை ஆஸ்திரேலியா 1975இல் கண்டது. காஃப் விட்லமின் தொழிற்கட்சி அரசுக்குக் கீழவையில் பெரும்பான்மை இருந்தது. மேலவையாகிய செனட்டில் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃப்ரேசரின் கூட்டணி, அரசுச் செலவுக்கான நிதி மசோதாக்களை அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து செனட்டில் நிறுத்தி வைத்தது. பணம் தீர்ந்து அரசு முடங்கும் நிலை நெருங்கியபோது, நவம்பர் 11 அன்று, செனட்டின் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடத்தப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு ஆளுநர் மாளிகைக்குச் சென்ற விட்லமிடம், தலைமை ஆளுநர் ஜான் கெர் பதவி நீக்கக் கடிதத்தைக் கொடுத்தார். அப்போது ஃப்ரேசர் அதே மாளிகையின் வேறோர் அறையில் காத்திருந்தார்; சற்று நேரத்தில் அவர் இடைக்காலப் பிரதமரானார். அன்று பிற்பகலே கீழவை அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அந்தத் தீர்மானத்தைச் சபாநாயகர் கெர்ரிடம் நேரில் சேர்ப்பதற்கு முன்பே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. பின்னர் சபாநாயகர் அரசிக்கு முறையிட்டு எழுதியபோது, இந்த அதிகாரத்தை அரசமைப்பு தலைமை ஆளுநரிடமே ஒப்படைத்திருப்பதால் அரசி தலையிடுவது முறையன்று என்று அரண்மனையிலிருந்து பதில் வந்தது. டிசம்பரில் நடந்த தேர்தலில் ஃப்ரேசர் பெரும் வெற்றி பெற்றார் என்பது உண்மையே. ஆனால் தேர்தல் முடிவு, பதவி நீக்கம் முறையானதா என்ற கேள்விக்கு விடையாகாது.

கெர் தம் முடிவை விட்லமுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் மறைத்ததற்கு அவர் பின்னாளில் கூறிய காரணம், இந்தப் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. தாம் எச்சரித்திருந்தால் பிரதமர் உடனே அரசிக்குப் பரிந்துரைத்துத் தம்மைப் பதவியிலிருந்து அகற்றியிருப்பார் என்பதே அது. நடுவராக இருக்க வேண்டியவரை ஆட்டக்காரர்களுள் ஒருவர் எந்த நொடியிலும் வெளியேற்றலாம் என்ற ஏற்பாடு, நடுவரை நேர்மையாக நடக்க விடாமல் ஒளிந்து நடக்கத் தூண்டியது. 1974இல் கெர்ரை அந்தப் பதவிக்குப் பரிந்துரைத்தவரும் விட்லமே என்பதால், நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் அன்று பொய்த்தது.

அதே 1975ஆம் ஆண்டின் ஜூன் 25 இரவில் புது தில்லியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பிரதமர் இந்திரா காந்தி அனுப்பிய நெருக்கடி நிலைப் பிரகடனத்தில், அமைச்சரவை கூடிப் பேசுவதற்கு முன்பே, குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை அதற்கு மறுநாள் காலையில்தான் ஒப்புதல் அளித்தது. அமைச்சரவையின் முடிவைக் கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தால் அன்றைய இரவின் கைதுகள் தடைபட்டிருக்குமா என்று சொல்வது கடினம். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய ஒருவர் கேட்கவில்லை என்பது மட்டும் பதிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அரசியின் பதிலாள் செய்யத் தகாத அளவுக்குச் செய்தார். இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் செய்ய வேண்டிய அளவுக்குக்கூடச் செய்யவில்லை. முடியா குடியரசா என்ற பெயரைக் கொண்டு இந்த இரண்டு தவறுகளையும் விளக்க முடியாது. எந்தச் சூழலில் எது கடமை, எது வரம்பு மீறல் என்பது தெளிவாக எழுதப்படாமையே இரண்டுக்கும் பொதுவான வேர். இந்தியா அந்தப் பாடத்தை ஓரளவு கற்றது. 1976இன் 42ஆம் திருத்தம், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுத்தில் வைத்தது. 1978இன் 44ஆம் திருத்தம், அந்த அறிவுரையை மறுபரிசீலனைக்காக ஒரு முறை திருப்பி அனுப்பும் உரிமையை அவருக்கு அளித்தது. உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும்படி 1997இல் வந்த பரிந்துரையைக் கே. ஆர். நாராயணன் திருப்பி அனுப்பியதும், அமைச்சரவை அதைக் கைவிட்டதும் இந்தச் சிறிய உரிமையின் பயனைக் காட்டின.

ஆஸ்திரேலியாவில் 1975இன் சினம் உடனடியாகக் குடியரசு இயக்கமாக மாறவில்லை. 1991இல்தான் ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் டாம் கெனீலி அதன் முதல் தலைவர். பிரதமர் பால் கீட்டிங் அமைத்த ஆலோசனைக் குழு, வழக்கறிஞர் மால்கம் டர்ன்புல்லின் தலைமையில் 1993இல் விரிவான அறிக்கை அளித்தது. 1996இல் ஆட்சிக்கு வந்த ஜான் ஹோவர்ட் முடியாட்சியின் பற்றாளர். எனினும் தேர்தல் வாக்குறுதியின்படி 1998 பிப்ரவரியில் கான்பெராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் அரசமைப்பு மாநாட்டைக் கூட்டினார். அதன் 152 உறுப்பினர்களுள் பாதிப் பேர் அஞ்சல் வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மீதிப் பேர் நியமிக்கப்பட்டவர்கள். ஆஸ்திரேலியா குடியரசாக வேண்டும் என்ற கொள்கையை அவர்களுள் 89 பேர் ஆதரித்தனர். எத்தகைய குடியரசு என்ற கேள்வி வந்தபோதோ, இறுதி முன்மொழிவுக்கு 73 வாக்குகளே கிடைத்தன. எதிர்த்தவர்கள் 57 பேர், வாக்களிக்காமல் விலகியவர்கள் 22 பேர். கொள்கைக்குக் கிடைத்த பெரும்பான்மை வடிவத்துக்குக் கிடைக்காமற்போன இந்த இடைவெளியே அடுத்த ஆண்டு நாடு முழுவதும் விரிந்தது.

மக்கள் முன் வைக்கப்பட்ட வடிவம் இவ்வாறு இருந்தது: பொதுமக்களிடமிருந்து பெயர்கள் பெறப்படும், அவற்றைக் கருத்திற்கொண்டு பிரதமர் ஒருவரை முன்மொழிவார், எதிர்க்கட்சித் தலைவர் வழிமொழிவார், இரு அவைகளின் கூட்டு அமர்வில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் அவர் குடியரசுத் தலைவராவார். ஆளுங்கட்சி மட்டும் தன் விருப்பம்போல் ஒருவரை அமர்த்த முடியாது என்ற அளவில் இது பழைய முறையைவிட மேலானதே. நீக்கும் முறையோ பழைய குறையை அப்படியே வைத்துக்கொண்டது. பிரதமர் ஒரு தாளில் கையெழுத்திட்டால் குடியரசுத் தலைவரின் பதவி அந்தக் கணமே முடிந்துவிடும். 30 நாட்களுக்குள் பிரதமர் கீழவையின் ஒப்புதலைக் கேட்க வேண்டும், ஆனால் அவை மறுத்தாலும் நீக்கப்பட்டவர் பதவிக்குத் திரும்பமாட்டார். விருப்புரிமை அதிகாரங்களைப் பொறுத்தவரை, அவை இதுவரையிலான மரபுகளின்படியே தொடரும் என்று மட்டும் கூறப்பட்டது. அதாவது 1975இல் கெர்ரையும் விட்லமையும் ஒருவரையொருவர் முந்தத் துடிக்கவைத்த அதே இரண்டு ஓட்டைகளும், கதவின் மேல் புதிய பெயர் எழுதப்பட்ட பிறகும், அடைக்கப்படாமலே இருந்தன. அந்த நிகழ்வின் எதிரெதிர்த் தரப்பினரான விட்லமும் ஃப்ரேசரும் குடியரசுக்கு ஆதரவான ஒரே விளம்பரத்தில் சேர்ந்து தோன்றினார்கள். அது நெகிழ்ச்சிக்குரிய காட்சிதான். ஆயினும் அவர்கள் இருவரையும் மோதவைத்த கேள்விக்கு அந்த வடிவத்தில் விடை இருக்கவில்லை.

ஆஸ்திரேலிய அரசமைப்பைத் திருத்த இரட்டைப் பெரும்பான்மை வேண்டும்; நாடு முழுவதிலும் வாக்களித்தோரில் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களுள் நான்கிலேனும் பெரும்பான்மையும் சேர்ந்து கிடைத்தால்தான் திருத்தம் நிறைவேறும். 1901 முதல் இன்று வரை முன்வைக்கப்பட்ட 45 திருத்தங்களுள் 8 மட்டுமே இந்தத் தடையைத் தாண்டியிருக்கின்றன. 1999 நவம்பர் 6 அன்று குடியரசுக்கு ஆதரவாக 45.13 விழுக்காட்டினரும் எதிராக 54.87 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். எந்த மாநிலத்திலும் ஆதரவுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, தலைநகர்ப் பகுதி மட்டுமே ஆதரித்தது. தோற்கடித்தவர்கள் எல்லோரும் அரசியின் பற்றாளர்கள் அல்லர். டெட் மேக், ஃபில் கிளியரி போன்ற குடியரசுவாதிகள், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கருதியதால், இது அரசியல்வாதிகளின் குடியரசு என்று கண்டித்து எதிராக வாக்களிக்கச் சொன்னார்கள். முடியாட்சிவாதிகளும் தங்கள் அரசியைப் பற்றி அதிகம் பேசாமல் இதே முழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதை நாள்தோறும் ஏற்றுவாழும் வாக்காளர்கள், அதே நாடாளுமன்றம் ஒரு பெயரளவுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் ஏற்க மறுத்தது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தலைவருக்கு என்ன அதிகாரம் என்பது சொல்லப்படாதபோது, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையாவது தங்களிடம் வைத்துக்கொள்ள மக்கள் விரும்பியதில் நியாயம் உண்டு.

நேரடித் தேர்தலை எதிர்ப்பவர்களின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பல இலட்சம் வாக்குகளைப் பெற்று வரும் ஒருவர், தமக்குத் தனியே மக்களின் ஆணை இருப்பதாகக் கருதிப் பிரதமரோடு போட்டியிட முற்படலாம். பரம்பரை அரசரைத் தடுத்துவைத்திருந்த தயக்கம் அவரிடம் இருக்காது. இந்திய அரசமைப்பு அவையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடமும் சட்டமன்றங்களிடமும் இருக்க வேண்டும் என்பதால், அதிகாரமில்லாத ஒருவரை நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது பொருந்தாது என்று நேரு 1947 ஜூலையில் விளக்கினார். எனவே நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் அடங்கிய வாக்காளர் குழுவிடம் அந்தப் பொறுப்பு தரப்பட்டது. மாநிலங்களும் பங்கேற்பதால் குடியரசுத் தலைவர் ஒன்றியத்தின் ஆளுங்கட்சிக்கு மட்டும் கடன்பட்டவராக இருக்கமாட்டார் என்பது அந்த ஏற்பாட்டின் கூடுதல் நன்மை. மாநிலங்களின் கூட்டாட்சியாகிய ஆஸ்திரேலியா இந்த வழியை இன்னும் தீவிரமாக எண்ணியிருக்கலாம்.

நேரடித் தேர்தலும் பெயரளவுத் தலைமையும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு அயர்லாந்து சான்று. அந்த நாடு அரசரை ஒரே நாளில் விலக்கவில்லை. 1937 அரசமைப்பு குடியரசுத் தலைவர் பதவியை உருவாக்கியது. டக்ளஸ் ஹைட் 1938இல் அதில் அமர்ந்தார். வெளிநாட்டு உறவுகளில் மட்டும் அரசரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 1949 ஏப்ரல் 18 அன்று அதுவும் அறுந்தது. அயர்லாந்தின் தலைவரை மக்கள் ஏழாண்டுகளுக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது. ஆனால் அவர் நாட்டைவிட்டு வெளியே செல்லவும், நாட்டு மக்களுக்கு முறையான செய்தி விடுக்கவும் அரசின் ஒப்புதல் வேண்டும். தம் சொந்த முடிவாக அவர் செய்யக்கூடியவை சிலவே, அவையும் எழுதப்பட்டவை: ஒரு மசோதா அரசமைப்புக்கு ஏற்றதா என்று அறிய அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், அவையின் பெரும்பான்மையை இழந்த பிரதமர் அவையைக் கலைக்கச் சொன்னால் மறுக்கலாம். இவ்வளவு குறுகிய வேலிக்குள் நிற்பவருக்கு மக்களின் வாக்கு மதிப்பைத் தருகிறதே தவிர, ஆட்சியில் குறுக்கிடும் வழியைத் தருவதில்லை. பிரதமர் அவரை நீக்கவும் முடியாது. நாடாளுமன்றத்தின் ஓர் அவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் குற்றஞ்சாட்டி, மற்ற அவை விசாரித்து அதே அளவு ஆதரவுடன் தீர்மானித்தால் மட்டுமே அவர் விலக்கப்படுவார்.

அந்த வேலியும் சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. அவசரகால அதிகார மசோதா ஒன்றை 1976இல் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியதற்காகப் பாதுகாப்பு அமைச்சர் தம்மைப் பொதுவிடத்தில் இழிவாகப் பேசியபோது, அந்த அமைச்சரைப் பிரதமர் பதவி நீக்காததால், முன்னாள் தலைமை நீதிபதியும் அப்போதைய குடியரசுத் தலைவருமான கெர்பல் ஓ டாலி தம் பதவியின் மதிப்பைக் காக்கப் பதவி விலகினார். அவையைக் கலைக்க மறுக்கும்படி 1982 ஜனவரியில் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர்கள் குடியரசுத் தலைவர் பேட்ரிக் ஹில்லரியின் மாளிகைக்குத் தொலைபேசியில் அழுத்தம் கொடுத்தபோது அவர் இணங்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த அழைப்புகள் தேர்தல் விவகாரமாகி, 1990இல் மேரி ராபின்சனின் வெற்றிக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாயின. இரண்டு நிகழ்வுகளிலும் எவரும் இருளில் தடுமாறவில்லை. எது தம் அதிகாரம் என்பதை இரு தலைவர்களும் அறிந்திருந்தார்கள், மக்களும் அறிந்திருந்தார்கள்.

குடியரசு மாற்றத்தை ஆதரிப்போர் மறைக்கக் கூடாத மற்றோர் ஆபத்தை இலங்கையின் வரலாறு காட்டுகிறது. 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானபோது, தலைமை ஆளுநர் வில்லியம் கோபல்லாவவே பிரதமரின் நியமனத்தின் வழியாகப் பெயரளவு ஜனாதிபதியானார். மேலோட்டமாகப் பார்த்தால் பார்படாஸில் பின்னாளில் நடந்ததைப் போன்ற எளிய மாற்றம் அது. ஆனால் அரசியின் பெயரோடு சேர்த்து, சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடைசெய்த சோல்பரி அரசமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் நீக்கப்பட்டது; பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஒரே ஆட்சிமொழி என்ற நிலையும் அரசமைப்பிலேயே எழுதப்பட்டன; நிறைவேறிய சட்டங்களை நீதிமன்றங்கள் ஆராயும் வழி அடைக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசமைப்பு அவையிலிருந்து வெளியேறியிருந்தது. அரசியை நீக்க இவற்றுள் எதுவும் தேவைப்பட்டதில்லை; இந்தியா இவை இன்றியே குடியரசாயிற்று. அடுத்து, 1978 பிப்ரவரி 4 அன்று ஜே. ஆர். ஜெயவர்தன செயலதிகாரமுள்ள ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, பெயரளவுத் தலைவருக்காக உருவாக்கப்பட்ட இருக்கை ஆறே ஆண்டுகளில் நாட்டின் மிகப்பெரிய அதிகார பீடமாக மாறியது. குடியரசு என்ற மாற்றம் அரசமைப்பைத் திறக்கும் வேளையில் அதன் வழியே வேறு எவை உள்ளே வருகின்றன, எவை வெளியே போகின்றன என்று கவனிக்காத நாடு பெரும் விலை கொடுக்க நேரும். அந்த விலையைக் கொடுத்தவர்களுள் இலங்கைத் தமிழர் முதன்மையானவர்கள்.

இத்தனை ஆபத்துகளையும் எடுத்துச் சொன்ன பிறகும், மாற்றத்துக்கான நியாயம் குறைந்துவிடுவதில்லை. ஒரு நாட்டின் முதல் இடத்துக்கு அந்த நாட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் வர முடியாது, கடல் கடந்த ஒரு குடும்பத்தின் மூத்த வாரிசு மட்டுமே வரலாம் என்ற விதி, குடிமக்கள் சமம் என்று கூறும் சட்டத்தின் தலையில் இருக்கத் தகுந்ததன்று. பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கி, கத்தோலிக்கரை மணந்தவரும் அரியணை ஏறலாம் என்று அனுமதித்தது. ஆயினும் அரசர் கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்ற தடை இன்றும் நீடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் எந்த ஒன்றிய அரசுப் பதவிக்கும் அரசமைப்பு அனுமதிக்காத மதப் பாகுபாடு, அந்த நாட்டின் தலைமைப் பதவிக்கு மட்டும் விதியாக இருக்கிறது. ஓடும் வண்டியை ஏன் பழுதுபார்க்க வேண்டும் என்று கேட்போர், 1975இல் அது ஓடவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனவே கேட்க வேண்டியது, எந்த வரிசையில் இந்த வேலையைச் செய்வது என்பதே. ஆஸ்திரேலியா முதலில் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றிச் சண்டையிட்டது, நீக்கும் முறையை அவசரமாக எழுதியது, அதிகாரங்களை எழுதாமலே விட்டது. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பெரும்பான்மை உள்ள பிரதமரை நீக்க முடியாது, செனட் பணத்தை நிறுத்தினால் இன்னின்ன படிகளுக்குப் பின்னரே தேர்தல் என்பன போன்ற விதிகள் முதலில் எழுதப்பட்டிருந்தால், பிரதமரின் கையெழுத்தால் வீழாத பதவிக்காலம் அடுத்து உறுதிசெய்யப்பட்டிருந்தால், அந்தத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதா நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா என்பது உயிர்நிலைக் கேள்வியாக இருந்திருக்காது. அதிகாரம் குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும் பதவிக்கு இரண்டு வழிகளும் பொருந்தும்.

குடியரசு இயக்கம் 2022இல் வெளியிட்ட புதிய திட்டம் இரு தரப்பையும் இணைக்க முயல்கிறது. மாநில, ஆட்சிப்பகுதிச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றும் ஒருவரையும், ஒன்றிய நாடாளுமன்றம் அதிகபட்சம் மூவரையும் முன்மொழிய, அந்த 11 பேர் வரையிலான பட்டியலிலிருந்து மக்கள் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டிலேயே தொழிற்கட்சி அரசு குடியரசுக்கென ஒரு துணை அமைச்சரை நியமித்தது. ஆனால் பழங்குடி மக்களின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் அமைப்பை உருவாக்கும் திருத்தம் 2023 அக்டோபர் 14 அன்று தோற்ற பிறகு அரசின் துணிவு குறைந்தது. 2024 ஜூலையில் அந்தத் துணை அமைச்சர் பொறுப்பும் கைவிடப்பட்டது. அடுத்த பொது வாக்கெடுப்பு எப்போது என்று இன்று எவரும் பேசுவதில்லை.

இந்த இடைக்காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. மரபுகளை எழுத்தில் கொண்டுவருவதற்கு அரசரை நீக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை, அரசரின் கீழேயே இருந்துகொண்டு இத்தகைய நெறிகளை அமைச்சரவைக் கையேடாகத் தொகுத்துப் பின்பற்றும் நியூசிலாந்து காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 1983இல் அடிலெய்டில் கூடிய அரசமைப்பு மாநாடு தலைமை ஆளுநரின் அதிகாரம் குறித்த மரபுகளைத் தொகுத்து ஏற்றது. 1993இன் ஆலோசனைக் குழு அறிக்கை, அவற்றைச் சட்ட வடிவில் எழுதுவதற்கான வழிகளை ஆராய்ந்து தந்தது. முடியாட்சியை விரும்புவோருக்கும் குடியரசை விரும்புவோருக்கும் ஒரே அளவு பயன்படக்கூடிய அந்தத் தொகுப்பை மீண்டும் கையில் எடுத்து, செனட் நிதியை நிறுத்தும் நிலை உட்பட விடுபட்டவற்றைச் சேர்க்க, இரு அவைகளின் கூட்டுக் குழு ஒன்றே போதும்.